பழைய பதிவு

எனக்கு வாய் நீளம். வீட்டில் அதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லியே வளர்த்துவிட்டார்கள். கல்லூரியில் கணினி அறிவியலில் முதல் வகுப்பு வந்ததும் எனக்கும் அது உறுதியாகிவிட்டது. அதற்கு மேல் மதுரையில் ஆறு மாதம் டேட்டாபேஸ் படிப்பு வேறு. இவ்வளவையும் முடித்துக்கொண்டு கோவில்பட்டிக்குத் திரும்பியபோது, இந்த ஊரில் நமக்கு நிகரான மூளை கிடையாது என்று மனதார நம்பினேன். அந்த நம்பிக்கையோடு ஒரு மனுஷிக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லதாக எதுவும் இதில் வராது.

எனக்கு வேலை கொடுத்தவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எல்லாருக்கும் அண்ணாச்சி. இரண்டு மகள்களுக்கு மாப்பிள்ளை தேடி அலைந்து ஓய்ந்தபின், நம்ம ஜனங்களும் இப்படி அலையக் கூடாது என்று சொல்லி, ஆபீஸ் மாடியில் திருமணத் தகவல் மையம் ஒன்றைத் திறந்தார். கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுகுமலையிலிருந்தும் ஓட்டப்பிடாரத்திலிருந்தும் குளத்தூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். மஞ்சள் பைக்குள் ஜாதக நகலும் போட்டோவும் இருக்கும். ஐப்பசி மழைக் காலமென்றால் மாடிப்படி முழுவதும் கரிசல் மண் அப்பிக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுக்கவே திங்கட்கிழமை பாதி போய்விடும்.

நான் சேர்வதற்கு முன்பே அங்கே ஒரு அக்கா இருந்தாள். அவளுடைய அப்பா அதே தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து இறந்தவர். அந்த நினைப்பில் அண்ணாச்சி இவளுக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தார். பிளஸ் டூ படிப்பு. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் டைப்ரைட்டிங். கழுகுமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அத்தனை ஜாதகத்தையும் நீளமான பேரேட்டு நோட்டுகளில் எழுதி வைத்திருந்ததும் அவள்தான். நட்சத்திரம் இரண்டைச் சொன்னால் விரலை மடக்கி, பத்தில் எத்தனை பொருத்தம் என்று நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். அப்போது எனக்கு இருபத்து மூன்று, அவளுக்கு இருபத்தொன்பது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் அவள் நட்சத்திரம். ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் பயப்படுவார்கள். பெண் எப்படி, குணம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. நட்சத்திரத்தைக் கேட்டதும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்கு இருந்தது ஒரே வழி. தாய் இல்லாத மாப்பிள்ளை வர வேண்டும். மாமியாரே இல்லாத வீட்டில் யாருக்கு ஆகாமல் போகும்? அதனால் விண்ணப்பத்தில் 'தாயார்' என்ற இடத்தில் 'காலமானார்' என்று எழுதிய மாப்பிள்ளை வரும்போதெல்லாம் அக்கா கொஞ்சம் நிதானமாக டைப் அடிப்பாள். நான் அதைக் கவனித்துவிட்டேன். கவனித்தால் சும்மா இருப்பேனா?

"என்னக்கா, மாமியார் இல்லாத வீடு ஒண்ணு வந்திருக்கு போல" என்று வந்தவர்கள் காதில் விழும்படி கேட்பேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு தடவையாவது அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

கம்ப்யூட்டர் பூஜை போட்ட நாளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மதுரையிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து டேட்டாபேஸை ஏற்றிக் கொடுத்தார். அண்ணாச்சி ஜோசியரைக் கேட்டு நல்ல நேரம் குறித்து வைத்திருந்தார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"ஒரு மாப்பிள்ள, ஒரு பொண்ணு உள்ள போவணும். பொருத்தம் பாத்துப் பேப்பர்ல வெளிய வரணும். அதுக்குப் பொறவுதான் நான் காப்பி குடிப்பேன்" என்றார்.

உயிரோடு இருக்கும் யாரையும் முதலில் போட்டால் கண்ணேறு பட்டுவிடும் என்று, கழுகுமலை முருகனையும் வள்ளியையும் போடச் சொன்னார். முருகனுக்கு விசாகம் எல்லாருக்கும் தெரியும். வள்ளிக்கு என்ன நட்சத்திரம் என்று யாருக்கும் தெரியவில்லை. ரோகிணி போடு, அம்சமாக இருக்கும் என்றார் அண்ணாச்சி. ஒரு ஜாதகத்துக்கு ஒன்பது கிரகம், ஒன்பது வரி. ஆக ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண், பதினெட்டு கிரக வரி. அவ்வளவுதான் உள்ளே இருந்தது. எஞ்சினியர் தன் கையிலிருந்த வேலைப் பட்டியலில் கடைசி வரியையும் முடித்துவிடுவோம் என்று, புள்ளிவிவரம் எடுக்கும் கட்டளையை அந்த நல்ல நேரத்துக்குள்ளேயே போட்டார். போட்டுவிட்டு, "இதை மாசத்துக்கு ஒரு தடவை மறுபடியும் போடணும்" என்றார். அப்போது கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டில் கையை ஒற்றிக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் ஒரு துண்டுத் தாளில் அதை எழுதிக்கொண்டாள்.

நான் அந்தக் கட்டளையைப் பால் காய்ச்சுகிற மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்தேன். புது வீட்டில் ஒரு தடவை காய்ச்சுவோம், மாதாமாதமா காய்ச்சுவோம்? அண்ணாச்சியும் கிளம்பும்போது, "இந்த நேரத்துல பண்ணுன எதையும் கலைக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வசதியாகப் போயிற்று.

டேட்டாபேஸ் தேடுகிற விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நமக்கு என்ன வேண்டும் என்று மட்டும்தான் அதனிடம் கேட்கிறோம். அந்தக் கேள்விக்குக் குவெரி என்று பெயர். எந்த வழியில் தேடுவது என்பது அதன் பாடு. மாப்பிள்ளைகளிலிருந்து தொடங்கலாம், பெண்களிலிருந்து தொடங்கலாம். முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம், இல்லை புத்தகத்தின் பின்னால் இருக்கும் அகரவரிசைப் பட்டியல் மாதிரி இன்டெக்ஸ் ஒன்று உண்டு, அதைப் பிடித்து நேராகப் போகலாம். ஒவ்வொரு வழிக்கும் இது ஒரு செலவு போட்டுப் பார்க்கும். செலவு என்றால் பணமில்லை, எவ்வளவு வாசிக்க வேண்டும் என்ற உழைப்பு. எது குறைவோ அந்த வழியில் போகும். இந்த முடிவை எடுக்கிற பாகத்துக்கு ஆப்டிமைசர் என்று பெயர். அதற்கு ஒரு நாணயம் உண்டு. எந்த வழியில் போனாலும் விடை மாறாது. சீக்கிரம் வரலாம், தாமதமாக வரலாம், ஆனால் வர வேண்டிய ஒரு பெயர்கூட விட்டுப்போகாது. இதை மதுரையில் முதல் வாரமே படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

அக்கா இரண்டு மாதத்தில் பழைய நோட்டுகள் அத்தனையையும் உள்ளே ஏற்றினாள். அவளுடைய ஜாதகத்தையும் போட்டு வைக்கும்படி அண்ணாச்சியே சொன்னார். புதுசாக வருவதும் சேர்ந்துகொண்டே போனது. மூன்று வருஷத்தில் பெண்கள் ஆறாயிரத்தைத் தொட்டார்கள், மாப்பிள்ளைகள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கிரக வரிகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. தேடல் நொண்ட ஆரம்பித்தது. முதலில் ஒரு நிமிஷம், பிறகு ஐந்து, பிறகு இருபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை நாற்பது குடும்பம் வந்து உட்கார்ந்திருக்கும். நாலு பேருக்குப் பட்டியல் கொடுப்பதற்குள் மதியச் சோற்று நேரம் வந்துவிடும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"ஏம்மா, இதுக்கு அந்த நோட்டே தேவலியே" என்றார் அண்ணாச்சி, அத்தனை பேர் முன்னாலும். "சனங்க காலைல இருந்து நிக்காவ. பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்காவ. தை பொறக்கதுக்குள்ள சரி பண்ணு. முடியலேன்னா சொல்லிரு, மதுரைல இருந்து ஆளக் கூப்புடுதேன்."

மதுரையிலிருந்து ஆள் வருவதா? நான் எதற்கு இருக்கிறேன்? இன்டெக்ஸ் போட்டேன். ஆப்டிமைசர் அதைச் சீண்டவில்லை. இன்னொன்று போட்டேன். அதையும் சீண்டவில்லை. எந்த வழியில் போகப்போகிறாய், என்ன செலவு என்று அதையே கேட்டுப் பார்த்தேன். செலவு மூன்று என்று காட்டியது. வெறும் மூன்று! வெளியே வெயிலில் மயங்கி விழுந்த ஒரு பெரியம்மாவுக்குச் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இது செலவு மூன்று என்கிறது. எனக்கு அந்தத் திரையை உடைக்க வேண்டும் போல இருந்தது.

அக்கா அப்போதுதான் மேஜை டிராயரிலிருந்து அந்தத் துண்டுத் தாளை எடுத்து வந்தாள். மூன்று வருஷமாக வைத்திருக்கிறாள்.

"ஏட்டி, மொத நாளு அந்த எஞ்சினியர் ஒண்ணு போட்டாருல்லா, மாசாமாசம் மறுபடி போடணும்னு சொன்னாரு. நாம ஒரு தடவகூடப் போடலியே. அதப் போட்டுப் பாப்பமா?"

அண்ணாச்சியும் அங்கேதான் நின்றார். அவர் முன்னால், பிளஸ் டூ படித்தவள் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"அக்கா, அது புள்ளிவிவரம். எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணுற வேலை. எண்ணினா வேகம் வருமா? டைப் அடிக்கிறது உங்க வேலை, அதைப் பாருங்க. தெரியாத விஷயத்துல கையை விடாதீங்க" என்றேன். அது போதவில்லை என்று இதையும் சேர்த்துக்கொண்டேன்: "மத்தியானம் மத்தியானம் உங்க நம்பரைப் போட்டு நீங்க தேடுறதை நிறுத்தினாலே பாதி வேகம் வந்துரும்."

அது உண்மை. சாப்பாட்டு வேளையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் தன் பதிவு எண்ணைப் போட்டுத் தேடவிட்டு, சோற்றைத் தின்றுகொண்டே திரையைப் பார்த்திருப்பாள். அண்ணாச்சிக்கு அது தெரியாது. அன்று தெரிந்தது. அவர் கீழே இறங்கிப் போனார். அக்கா தாளை மடித்து டிராயருக்குள் வைத்தாள். முகம் கறுத்துவிட்டது. எனக்கு அது இனித்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

தை பிறக்கப் பத்து நாள் இருந்தது. வழியைச் சரிசெய்ய எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் ஆப்டிமைசர் ஒருநாளும் செய்யாத காரியத்தை நான் செய்தேன். விடையை மாற்றினேன்.

கூட்டத்தைக் குறைத்தால் தேடல் வேகமாகும். யாரைக் குறைப்பது? இவரைத் தேடிப் பார்த்து என்ன கிடைக்கப்போகிறது என்று ஒவ்வொரு வகையாக நானே விலை போட்டேன். முப்பது வயதைத் தாண்டிய பெண்கள். ஆயில்யம், மூலம் என்று ஜனங்கள் பயப்படுகிற நட்சத்திரத்துப் பெண்கள். பதிந்து மூன்று வருஷமாகியும் ஒரு வீடுகூட விசாரிக்காத பெண்கள். ஆண்களில் நாற்பதைத் தாண்டியவர்கள். ஆணுக்கு நாற்பது, பெண்ணுக்கு முப்பது. அதை எழுதியது அண்ணாச்சி இல்லை, ஜோசியர் இல்லை, நான். என் விரல்தான் அந்த எண்களை அடித்தது. இவர்களை எல்லாம் தூக்கிப் 'பழைய பதிவு' என்ற தனி அட்டவணையில் போட்டேன். தேடல் அங்கே போகாது.

மாற்றுவதற்கு முன் யார் யார் போகிறார்கள் என்று பட்டியலை ஓட்டிப் பார்த்தேன். நாலாயிரம் பெண்கள். அக்காவின் பெயர் வந்தது. முப்பத்திரண்டு வயது, ஆயில்யம், மூன்று வருஷம், விசாரித்தவர் இல்லை. நான் போட்ட எல்லா நிபந்தனையிலும் அவள் விழுந்தாள். ஒரு நிமிஷம் கையை எடுத்தேன். ஒருத்திக்காக விதியைத் தளர்த்தினால் அப்புறம் அது விதியா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அசல் காரணம் அந்தத் துண்டுத் தாள். தெரிந்தேதான் எண்டரை அழுத்தினேன்.

தேடல் மூன்று நிமிஷத்துக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தார். படித்த பிள்ளை படித்த பிள்ளைதான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். என்ன செய்தாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்காவும் சந்தோஷப்பட்டாள். "கெட்டிக்காரிதாம்ட்டி நீ" என்றாள். பிறகு ஒருநாள், இப்போதுதான் வேகமாகிவிட்டதே என்று தயங்கித் தயங்கித் தன் எண்ணைப் போட்டுத் தேடினாள். ஒரு பெயரும் வரவில்லை. திரையில் வெறும் கோடுகள். அவளுக்கு வெறும் பட்டியல் பழக்கம்தான். டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்தூரிலிருந்து ஒருவர் தன் அக்காளோடு வந்தார். முப்பத்தைந்து வயது. உப்பளத்தில் மேற்பார்வை. வெயிலில் முகம் கன்றியிருந்தது. நிழலில் இருக்கும்போதும் கண்ணைச் சுருக்கியே பார்த்தார். விண்ணப்பத்தில் தாயார் என்ற இடத்தில் காலமானார் என்று எழுதியிருந்தது. அவருடைய அக்காள்தான் பேசினார்.

"எங்க அம்மா போயி ஆறு வருசமாச்சும்மா. தம்பிக்கு வயசாயிட்டே போவுது. பொண்ணு முப்பத்திரண்டு முப்பத்திமூணுன்னாலும் பரவால்ல. ஆயில்யம்னு தள்ளுதாவல்லா, அந்தப் பொண்ணு இருந்தாலும் காட்டுங்க. எங்க வீட்டுல பயப்பட ஆளு இல்ல. பொறுமையா இருந்தாப் போதும்."

அக்கா தலையைக் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். காது சிவந்துவிட்டது. மாப்பிள்ளையின் நட்சத்திரத்தை அடிக்கும்போது அவள் இடது கை விரல்கள் மேஜைக்குக் கீழே மடங்கி மடங்கி விரிந்ததைப் பார்த்தேன். எண்ணி முடித்தாள். பிறகு தேடலைத் தட்டினாள்.

மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷமும் நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். பழைய பதிவில் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் சொன்னால், பழைய பதிவு என்றால் என்ன என்று அண்ணாச்சி கேட்பார். நாலாயிரம் பெண்களைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் மிட்டாய் தின்றாயா என்று கேட்பார். நான் சும்மா இருந்தேன்.

பட்டியல் வந்தது. பதினான்கு பெயர். அக்கா மேலிருந்து கீழே போனாள். மறுபடி மேலே வந்து, இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு பெயரிலும் நின்று நின்று கீழே போனாள். அவள் பெயர் இல்லை. பிரிண்ட் கொடுத்து, ஓரத்துத் துளைத் தாளைக் கிழித்து, இரண்டு கையாலும் மாப்பிள்ளையின் அக்காளிடம் நீட்டினாள்.

"ஆயில்யத்துல ஒண்ணுமே இல்லியாம்மா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லக்கா. மெஷினு தேடிட்டு" என்றாள் அக்கா.

நானே இருக்கிறேன் என்று அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. தனக்கு மாப்பிள்ளையைத் தானே கேட்கிற பெண்ணை எந்த அக்காள் கூட்டிக்கொண்டு போவாள்? காகிதத்தில் பெயர் வந்திருந்தால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. காகிதம் கேட்டிருக்கும். அதற்காகத்தானே அந்த மாடியே இருந்தது.

மத்தியானம் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "ஏட்டி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. என் விரக்கணக்குல எட்டுப் பொருத்தம் வருது. என் பேரு ஏன் வரல?"

"விரல்ல எண்ணினா அப்படித்தான் வரும். இது கிரகத்தையும் சேர்த்துப் பார்க்குது. பொருத்தம் இல்லைன்னா எப்படிக்கா வரும்?"

"நீ சொன்னாச் சரிதான்" என்றாள். அதன் பிறகு அவள் விரலை மடக்கிப் பொருத்தம் பார்த்து நான் பார்க்கவில்லை. வருகிறவர்கள் கேட்டால்கூட, மெஷினிடம் கேளுங்கள், எனக்குத் தெரியாது என்றாள்.

வைகாசியில் குளத்தூர்க்காரர் பத்திரிகை வந்தது. அந்தப் பதினான்கில் ஒருத்தி, ஓட்டப்பிடாரத்துப் பெண். மையத்தின் மூலம் நடக்கிற கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை மையத்துக்குத்தான் வரும். அக்கா அவர் பதிவைத் திறந்து 'திருமணம் முடிந்தது' என்று குறித்தாள்.

அதற்கப்புறம் இரண்டரை வருஷம் ஓடியது. காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு கம்பெனியில் இண்டர்வியூவுக்குப் போனேன். அங்கே ஒருவர் என் பேச்சைக் கொஞ்ச நேரம் ரசித்துக் கேட்டுவிட்டு, சாதாரணமாக ஒன்று கேட்டார். "டேபிள் சின்னதாக இருந்தபோது வேகமாக வந்த குவெரி, பெரிதானதும் படுத்துவிட்டது. இன்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் ஆப்டிமைசர் எடுக்கவில்லை. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" நான் இன்னொரு இன்டெக்ஸ் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "புள்ளிவிவரம் கடைசியாக எப்போது எடுத்தது என்று பார்க்க வேண்டும். ஆப்டிமைசருக்குக் கண் கிடையாது. கடைசியாக எண்ணியபோது என்ன இருந்ததோ அதை வைத்துத்தான் செலவைப் போடும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

எழும்பூரில் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குக் கணக்கு பிடிபட்டது. எங்கள் மெஷின் கடைசியாக எண்ணியது பூஜை அன்று. அதன் நினைப்பில் இன்றைக்கும் உலகத்தில் ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண், பதினெட்டு கிரக வரி. பதினெட்டு வரிக்கு யாராவது இன்டெக்ஸைப் புரட்டுவார்களா? படித்துவிட்டே போய்விடலாம். செலவு மூன்று என்றது பொய்யில்லை, அது அறிந்த உலகத்தில் அது சரியான விலை. அந்த நம்பிக்கையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் லட்சம் வரியையும் தலையிலிருந்து கால் வரை படித்திருக்கிறது. அக்கா சொன்னதைச் செய்திருந்தால் போதும். ஒரு வரிக் கட்டளை. அதைச் சொன்னவளைத்தான் நான் அண்ணாச்சி முன்னால் வெட்கப்படுத்தினேன். அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் யாரும் மண்ணுக்குள் போவதில்லை. நான் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டு ரயிலேறினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மாடியில் ஆளில்லை. பழைய பதிவில் கிடந்த அத்தனை பேரையும் திரும்ப உள்ளே சேர்த்தேன். புள்ளிவிவரக் கட்டளையைப் போட்டேன். ஐந்து நிமிஷம் எண்ணியது. பிறகு ஒரு தேடலைத் தட்டினேன். மூன்று விநாடி. ஆறாயிரம் பேர் அப்போது எட்டாயிரம் ஆகியிருந்தார்கள். ஒருவரைக்கூட ஒதுக்க வேண்டிய தேவை என்றைக்குமே இருந்ததில்லை.

அக்கா படியேறி வந்து என் பின்னால் நின்று பார்த்தாள். "என்னட்டி செஞ்ச? பேயா ஓடுது."

என்ன சொல்லலாம் என்று ஒரு பொய்யைத் தேடினேன். அன்று அகப்படவில்லை. "அந்தப் புள்ளிவிவரக் கட்டளையைப் போட்டேன்க்கா" என்றேன்.

"மாசாமாசம் போடச் சொன்னாரே, அதா?"

"அதுதான்."

அவள் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அப்போ மூணு வருசம் முன்ன நீ என்ன செஞ்சு வேகமாக்குன?" என்று கேட்டாள். அவள் முட்டாள் இல்லை என்று நான் எழுதியிருக்கிறேனா? எழுதவில்லையென்றால் இப்போது எழுதுகிறேன். அந்த மாடியில் இருந்த ஒரே மூளை அவளுடையது.

சொன்னேன். நாலாயிரம் பேரை எடுத்தேன், உங்க பேரும் அதில் இருந்தது, எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். குளத்தூர்க்காரர் வந்த அன்றைக்கும் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தன் பதிவு எண்ணை அடித்தாள். "கல்யாணம் முடிஞ்ச ஆளுங்களயும் சேத்துக் காட்டச் சொல்லு" என்றாள். குவெரியில் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டேன். பட்டியல் வந்தது. தாய் இல்லாதவர்கள், வயது பொருந்தியவர்கள், ஆயில்யத்துக்குப் பொருந்திய நட்சத்திரம். அவள் பழைய பதிவில் கிடந்த காலத்தில் வந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் நேராகத் திருமணம் முடிந்தது என்று இருந்தது. ஒன்பதையும் குறித்தது அவள் கைதான்.

ஒவ்வொருவராக வாசித்தாள். முதல் மூன்று பேரை ஊரையும் வேலையையும் சொல்லி நினைவுகூர்ந்தாள். குளத்தூர்க்காரர் பெயரில் நிற்காமல் தாண்டினாள். ஆறாவது பெயருக்கு வந்தபோது, "இவிய கழுகுமலைதான். எங்க தெருவுக்கு அடுத்த தெரு" என்றாள். அதற்குமேல் வாசிக்கவில்லை.

"அக்கா, இனிமே வருவாங்க. இப்போ சரியாயிருச்சுல்லா" என்றேன். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து. எந்த வாயால் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"என் வரிய எடு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "பழைய பதிவுலயாக்கா?" என்று கேட்டேன்.

"அதுலயும் வேண்டாம்" என்றாள்.

எடுத்தேன். ஒரு வரியும் ஒன்பது கிரகமும். அவள் எழுந்து போய், வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் காய்ந்த மண்ணைச் சுரண்டப் போனாள்.

பதினொரு மணிக்கு அண்ணாச்சி வந்தார். வேகத்தைப் பார்த்துவிட்டு, "நீ இங்கனயே இரும்மா, மெட்ராஸ் கிட்ராஸ்னு போயிராத" என்றார். அக்கா அவரிடம் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அவர் படியில் நின்று அவளோடு ரெண்டு வார்த்தை பேசினார், அவளும் பேசினாள். சொல்லவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு அவள் கிளம்பும் வரை காத்திருந்தேன். சொல்லவே இல்லை. அவள் படியிறங்கிப் போன பிறகு எனக்கு வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று இருந்தது.